கடல்காரியின் வெறுந்தொட்டி

தெருவில் அவளுக்குக் கடல்காரி என்று பெயர். கிளினிக், ஆபீஸ் என்று அலைந்து அங்கிருக்கும் கடல்மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. எந்தப் புது மீனும் நேரே அங்கே போய்விட முடியாது. முதலில் அவள் வீட்டுத் தனித்தொட்டியில் இருந்து, உடம்பில் நோயில்லை என்று தெரிந்த பிறகுதான் போகும். ஒரு மீனின் நோய் மொத்தத் தொட்டியையும் காலி பண்ணிவிடும் என்பாள்.

அந்தத் தொட்டி அவள் கணவரின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே மணல் கிடையாது, கல் கிடையாது. ஒரு ஸ்பான்ஜ், ஒரு ஹீட்டர், அவ்வளவுதான். அந்த ஸ்பான்ஜைக்கூட நோயில்லாத வேறொரு தொட்டியில் ஊறப்போட்டு, மீன் கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் அதில் குடியேறிய பிறகே கொண்டுவந்தாள். வாளியில் உப்பைக் கலக்கிக் கடல் தண்ணீரை அவளே தயார் செய்வாள்; அது வற்றினால் உப்பில்லாத நல்ல தண்ணீர்தான் ஊற்றுவாள். "தண்ணிதாங்க ஆவியாப் போகும், உப்பு எங்கயும் போகாது." தையற்காரருக்குப் பெருமை பிடிபடாது. பேண்ட் தைக்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டம்மா வாளியில கடல் செய்வா" என்று அளப்பார்.

இந்த முறை வந்தது பல் டாக்டர் கிளினிக்குக்கான ஆரஞ்சு மீன். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அவள் தாமிர மருந்தை அளந்து ஊற்றினாள். குறைந்தால் நோய் போகாது, கூடினால் மீனே போய்விடும்.

ஆனால் தினமும் சாயங்காலம் வந்து சோதித்தால் மருந்து குறைந்திருந்தது. ஊற்றுவாள். மறுநாளும் குறையும். டெஸ்ட் கிட்டை மாற்றினாள், தொட்டியைத் திரும்ப அளந்தாள். புள்ளிகள் போன பாடில்லை. ஒருநாள் சோதித்துவிட்டு ஸ்டூலில் சோர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என் கணக்குதாங்க தப்பு. டாக்டர்கிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன். என்னை நம்பி இத்தனை தொட்டியை விட்டிருக்காங்க, பயமா இருக்கு."

தையற்காரர் மெஷினை நிறுத்தினார். மெஷினுக்கு அடியில் கைவிட்டு, வெட்டுத்துணிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் பவளக் கல்லை எடுத்தார். ஷோகேஸில் அழகுக்கு வைத்திருந்தது. ஈரம் காயவில்லை.

"பகல் முழுக்க இந்த மீன் மூலையிலயே நிக்குதும்மா. ஒளிய ஒரு இடமில்ல. மனசு கேக்கல. நீ கிளம்பினதும் இதை உள்ள வைப்பேன், வர்றதுக்குள்ள எடுத்துடுவேன்."

அவர் திருட்டு முழி முழித்தார். அவள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது மருந்தை உறிஞ்சிடும்ங்க." கல்லைக் கீழே வைத்தாள். "அப்ப என் கை தப்பில்லையே?"

"உன் கை என்னைக்கும்மா தப்பாச்சு?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதற்கப்புறம்தான் திட்டு ஆரம்பித்தது. அவர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை அவருக்கு டீ டம்ளரில் வந்தது.

"என் பீங்கான் கோப்பை எங்க?"

அவள் முகவாயால் தொட்டியைக் காட்டினாள். கோப்பை அடியில் சாய்ந்து கிடந்தது. உள்ளேயிருந்து ஆரஞ்சு மூக்கு எட்டிப் பார்த்தது.

"பீங்கான் மருந்தைக் குடிக்காது. ஒளிய இடம் வேணும்னு நீங்க சொன்னது சரிதாங்க. எனக்குத்தான் தோணல."

அன்று மருந்து குறையவில்லை. நாளடைவில் புள்ளிகள் மறைந்தன, மீன் கிளினிக்குக்குப் போனது. கோப்பை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது, அடுத்து வந்த மீனுக்கு. தையற்காரர் இன்றும் டம்ளரில்தான் டீ குடிக்கிறார். பேண்ட் தைக்க வருகிறவர்களிடம் இப்போது கூடுதலாக ஒரு வரி அளக்கிறார்:

"கடல் அவ செஞ்சது. உள்ள இருக்கே வீடு, அது நான் குடுத்தது!"