சேறு போன பந்து

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அருகே சோற்றுப் பானைகள் தொங்கும் கம்பைத் தோளில் சுமந்து விற்றவர் மஸ்தான் மாமா. சொந்தக் கடை வைப்பதே அவர் ஆசை.

1931இல் கால்பந்துக் கோப்பையை வென்றுதந்த பந்தை, அந்தக் கோலை அடித்த அவருடைய வாடிக்கையாளர் அவருக்கே கொடுத்துவிட்டார். ஆட்டப் பந்துகளைச் சேகரிக்கும் வெள்ளைக்காரத் துரை ஒருவர், கடை பிடிக்கப் போதுமான விலை பேசினார்.

மறுநாள் வாங்க வந்தவர் பளபளத்த பந்தைக் கண்டு திகைத்தார். "சேறு எங்கே? பூட்ஸ் தடம் எங்கே? இது அந்தப் பந்துதான் என்று யார் நம்புவார்?" அவர் ஆங்கிலத்தில் கேட்டதை, பள்ளியில் ஆங்கிலம் படித்த நான் மாமாவுக்குத் தமிழில் சொன்னேன்.

மாமா மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமி பெருமையாகச் சொன்னார்: "நாந்தான் சவர்க்காரம் போட்டுத் தேச்சேன். வீட்ட விட்டுப் போற சாமான் அழுக்கா போகலாமா?"

துரை பந்தை வாங்காமலே போய்விட்டார்.

"மஸ்தான் அண்ணே, இன்னிக்கிச் சோறு இல்லையா லா?" என்று வாசலில் ஒருவர் கத்தினார். மாமா கம்பைத் தோளில் ஏற்றினார்.