லாஸ்ட் சண்டே

பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் சனிக்கிழமைதோறும் அம்மாக்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு வைத்தார்கள். நானும் என் கொழுந்தனாரின் மனைவியும் போனோம். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். எங்கள் இருவர் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

அன்றைய பாடம், சமீபத்தில் நடந்ததைச் சொல்வது. யெஸ்டர்டே, லாஸ்ட் நைட், திஸ் மார்னிங் என்று ஏதாவது ஒன்றைப் போட்டுப் பேச வேண்டும். எல்லோரும் இட்லி அவித்தோம், துணி துவைத்தோம் என்று முடித்துக்கொண்டார்கள். அவள் எழுந்து, லாஸ்ட் நைட் தன் கணவர் மல்லிகைப்பூ வாங்கி வந்ததைச் சொன்னாள். திஸ் மார்னிங் அவரே காபி போட்டுக் கொடுத்ததையும் சொன்னாள்.

இதையெல்லாம் எங்கள் வீட்டில் தமிழில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இங்கிலீஷில் வெட்கம் வராது போலிருக்கிறது. விடியற்காலையில் நான் பற்றவைக்கும் முன்பே அடுப்பு ஏன் சுட்டது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வயிறு எரிந்தது. அவள் கணவரும் என்னுடையவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். என்னுடையவர் எனக்கென்று கடைசியாக வாங்கி வந்தது பித்தவெடிப்புக் களிம்பு.

என் முறை வந்தது.

"லாஸ்ட் சண்டே, மை ஹஸ்பண்ட் டுக் மீ டு நாகப்பட்டினம் பீச்" என்றேன், கூசாமல்.

அந்த ஞாயிறு அவர் நடவு வயலுக்குத் தண்ணீர் கட்டப் போய், பொழுது சாய்ந்துதான் திரும்பினார். நான் வீட்டில் தனியாகக் கிடந்தேன். அவளும் அவள் கணவரும் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் பொய் பிடிபடாது. எல்லோரும் கை தட்டினார்கள். அவள் மட்டும் தட்டவில்லை.

அன்று சாயங்காலமே சுவருக்கு அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

"உங்க அண்ணன் அக்காவ பீச்சுக்குக் கூட்டிட்டுப் போறாரு. நீங்க என்னை எங்க கூட்டிட்டுப் போனீங்க? எங்கம்மா வீடெல்லாம் கணக்குல சேராது."

காபி போட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகும் சத்தம் கேட்டது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் என் கணவர் வயலிலிருந்து வந்தவர், காலைக்கூடக் கழுவாமல் அடுப்படி வாசலில் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து, எங்கே போனாய், என்ன செய்தாய் என்று ஒருமுறைகூட என்னைக் கேட்காத மனிதர்.

"போன ஞாயித்துக்கிழம நான் உன்னை பீச்சுக்குக் கூட்டிட்டுப் போனேனாம். தம்பி சொல்றான்."

"ம்."

"நான் வயல்லதான கெடந்தேன். நீ யாரு கூடப் போன?"

இத்தனை வருஷமாக நான் ஒருத்தியே வைத்திருந்த வயிற்றெரிச்சல், இப்போது அவர் முகத்தில். பார்க்க நன்றாக இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு நொடி போதும்.

"ஒரு காபி போட்டுக் குடுங்க, சொல்றேன்" என்றேன்.

கொல்லைக்குப் போய்க் காலைக் கழுவினார். பிறகு உள்ளே வந்து, பால் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.