டீ கிளாஸை நம்பி ஒரு சீட்டு

எழுபதுகளில் நடந்த கூத்து இது. திருத்தணி மலையடிவாரத்தில் புது இடம் பிடித்து கார் ரிப்பேர் ஷெட்டை மாற்றியிருந்தார் எங்கள் முதலாளி கரீம் பாய். சிமெண்டுத் தரை போட்டவர் அவர் மச்சான். வெளியாள் யாரும் அவ்வளவு சீக்கிரம் போட்டிருக்க மாட்டான்.

அம்பாசிடர் காரின் முன்பக்கம் சக்கரத்துக்கு ஒன்றாக நீளக் கம்பி இருக்கும். டார்ஷன் பார் என்போம். அதைத் திருகினால் வண்டி அந்தப் பக்கம் ஏறும், இறங்கும். மட்டம் பார்க்க எங்களிடம் இருந்த கருவி ஒரு டீ கிளாஸ். பானெட்டைத் திறந்து, ரெண்டு மட்கார்டுக்கும் குறுக்கே பலகை போட்டு, விளிம்பு வரை தண்ணி ஊற்றி வைப்போம்.

"தண்ணி பொய் சொல்லாதுடா" என்பார் பாய்.

ஒரு ஆபீசரின் வண்டியை டிரைவர் எத்திராஜ் கொண்டுவந்தான். இடது பக்கம் லேசான சாய்வு. திருகி, கிளாஸ் வைத்து, சரி பண்ணி அனுப்பினேன். மறுநாளே வந்து நின்றான்.

"இன்னாப்பா பண்ணே? இப்ப என் பக்கம் சாஞ்சுகினு போவுது."

கிளாஸ் வைத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. மூணு தடவை வந்தான், மூணு தடவையும் கிளாஸ் அவனைப் பொய்யனாக்கியது. அதுவரை அந்த ஷெட்டுக்கு வந்ததெல்லாம் கல்யாண டாக்சி. பத்து பேர் ஏறினால் எது சாயாது? யாரும் கேட்டதில்லை.

நாலாம் தடவை ஆபீசரே வந்தார். "வண்டியில குறை இல்லன்னு எழுதிக் குடுய்யா" என்றார். பெருமையாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தச் சீட்டை வைத்து எத்திராஜுக்கு மெமோ. அவன் தன் இருக்கைக்கு அடியில் அரிசி மூட்டை வைத்து ஆந்திரா பக்கம் கடத்துகிறானாம், அதனால் வண்டி அமுங்கிவிட்டதாம். வேலை போகும் நிலை. வீட்டில் மூணு பெண் பிள்ளை.

அந்த வாரம் ஒரு ரேடியேட்டரைக் கழற்றும்போது தண்ணி கொட்டியது. பூரா இடது சுவரைப் பார்த்து ஓடியது. கிளாஸைத் தரையில் வைத்தேன். ஒரு பக்கமாக வழிந்தது. சாய்ந்த தரையில் நிறுத்தி வண்டியை மட்டம் பண்ணியிருக்கிறேன், வெளியே போனால் சாயாமல் என்ன செய்யும்?

பாயிடம் சொன்னேன். "வாயை மூடு. எம் மச்சானைச் சொன்னா எனக்கு வூட்ல சோறு கிடைக்காது" என்றார்.

மனசு கேட்கவில்லை. ஆபீசரிடம் போனேன்.

"அப்ப நான் குடுத்த மெமோ தப்பா?"

"இல்லிங்க சார், தரை தப்பு."

"தரைக்கு மெமோ குடுக்க முடியாதுய்யா" என்று யோசித்தார். பிறகு ஃபைலில் எழுதினார்: டிரைவர் கடுமையாக எச்சரிக்கப்பட்டு, கருணை அடிப்படையில் மன்னிக்கப்பட்டார்.

மறுநாள் எத்திராஜ் மலைக்கோயில் பஞ்சாமிர்தத்தோடு வந்தான். "ஆபீசருக்குத் தங்கமான மனசு நைனா, மன்னிச்சுட்டாரு" என்றான். என்னால் அதை வாயில் வைக்க முடியவில்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"பண்ணாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிகினு வந்து, சாமிக்குத் தேங்கா வேற ஒடச்சேனே" என்றான்.

அன்றைக்கே கொத்தனார்கள் தரை மட்டம் பார்க்கிற ரசமட்டம் ஒன்று வாங்கினேன். இன்றும் வண்டியைத் தொடுவதற்கு முன்னால் தரையைப் பார்ப்பேன். சீட்டு எழுதிக் கொடு என்று எவனாவது கேட்டால், பழியை யார் தலையில் வைக்க என்று கேட்காமல் பேனாவை எடுக்க மாட்டேன்.