விரலுக்குத் தெரியாத சூடு

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவுக்கு நான் ஆயாவாக இருந்தேன். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் தங்கள் கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். சேலைத் தொட்டில்களில் பதினொரு பிள்ளைகள். எனக்கோ ஒற்றைத் தலைவலி. இந்த இரண்டையும் சாமி எப்படி ஒரே ஆளின் தலையில் எழுதியது என்று அந்த வருஷங்களில் நான் கேட்காத நாள் இல்லை.

முதலில் இடது கண்ணோரத்தில் ஒரு வெளிச்சம் நெளியும். இருட்டில் கொள்ளிக்கட்டையைச் சுற்றினால் தெரியுமே, அதுமாதிரி. அரைமணி நேரத்தில் அந்தப் பக்கத்து நெற்றியில் ஆணி இறங்கும். பிறகு வாந்தி. கீழே தேயிலை ஸ்டோரில் கொழுந்து புளிக்கும் வாடை காற்றில் ஏறி வந்தால் குடலே வெளியே வந்துவிடும் போலிருக்கும். ஒரு பிள்ளை வீறிட்டால் மற்றப் பத்தும் சேர்ந்துகொள்ளும். ஒருதரம் அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்த என் கை எழுந்துவிட்டது. அந்தக் கையை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு நானும் அழுதேன்.

சுக்குப் பத்து போட்டுப் பார்த்தேன். விபூதி போட்டார்கள். நாங்கள் குடியிருந்த லயத்தில் சிலர் பேய்க்கோளாறு என்றார்கள். கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஐயாதான், "இது நம்ம கைக்கு அடங்காது. நான் கூட்டிட்டுப் போறேன், டவுன்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டுவோம்" என்றார்.

அந்த டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், நிறையக் கேள்வி கேட்டார், ஒரு மருந்துத் துண்டு எழுதிக் கொடுத்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதை மருந்தய்யா ஒவ்வொன்றாய் எனக்குச் சொன்னார்.

"வலி தொடங்கின ஒடனே ஒண்ணு. வலி வரப்போவுதுன்னு பயந்துகிட்டு முன்கூட்டியே போடக்கூடாது. அரைமணி பொறுத்துக் கேக்கலேன்னா இன்னொண்ணு. ஒரு நாளைக்கு ரெண்டுக்கு மேல வேணாம். வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல வேணவே வேணாம். கை கால் மரத்துச்சுன்னா அன்னைக்கே நிறுத்திட்டு ஓடி வரணும். வெளங்குதா?"

விளங்குகிறது என்று தலையாட்டினேன். நான் ஐந்தாம் வகுப்பு படித்தவள். மாத்திரை உறையின் மேல் என் கையாலேயே பென்சிலால் எழுதிவைத்தேன்.

முதல் மாத்திரை வேலை செய்த நாளை எப்படிச் சொல்வது! கண்ணோரம் வெளிச்சம் நெளிந்தது, ஒன்றைப் போட்டேன், ஆணி பாதியிலேயே நின்றுவிட்டது. அன்றைக்குப் பதினொரு பிள்ளைகளையும் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு உட்கார்த்தி வைத்தேன். சாயந்திரம் ஸ்டோரிலிருந்து வந்த வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, "என்னா புள்ள, சிரிக்கிற?" என்று கேட்டார்.

இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தேன். பிறகு வலியைவிட வலி வந்துவிடுமோ என்ற பயம் பெரிதாயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஆள் கூடும் சத்தம் கேட்டதும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று போட்டேன். அந்த வாரம் தப்பித்தேன். அடுத்த வாரத்திலிருந்து வலி தினமும் வந்தது. ஒன்று போட்டால் அடங்கும், அதன் வேகம் குறைந்ததும் திரும்ப ஏறும். மாத்திரைதான் வலியைக் கூட்டி வருகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாத்திரை போதவில்லை என்றுதான் தோன்றியது. காலையில் இரண்டு, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் இரண்டு என்றாகிவிட்டது.

டாக்டர் கொடுத்த துண்டு என்னிடமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லி ஹட்டனுக்கு பஸ் ஏறுவேன். ஒரு கடையில் அதைக் காட்டி வாங்குவேன், அடுத்த வாரம் வேறு கடை. மருந்தய்யா வழியில் கண்டு, "எப்பிடி இருக்கு இப்ப?" என்று கேட்டால், "தேவலைங்க ஐயா, எப்பவாச்சும்தான் போடுறேன்" என்பேன். பொய் சொல்லக் கூச்சம் கூட வரவில்லை.

அந்த மார்கழியில் விரல்கள் சில்லிட்டுப் போயின. எங்கள் மலையில் மார்கழிப் பனிக்கு எல்லோருக்கும் கை சில்லிடும் என்று இருந்தேன். கால் விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்தன. லயத்துப் படிக்கட்டு ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். தீக்குச்சியை விரலால் பிடிக்க வரவில்லை. வீட்டுக்காரர் ஒரு நாள் என் கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று விட்டார். "ஐஸாட்டம் இருக்கே" என்றார். "பனிங்க" என்றேன்.

தை பிறந்து சில நாள் இருக்கும். பத்து மணிக்குப் பால் கொடுக்கும் நேரம். பால்மாவைக் கொதிநீரில் கரைத்து, ஆற்றி, வழக்கம்போல விரலை விட்டுப் பார்த்தேன். சுடவில்லை. நிச்சயத்துக்குப் புறங்கையில் கொஞ்சம் ஊற்றினேன். அப்போதும் சுடவில்லை. ஒன்பது மாதத்துப் பெண்பிள்ளை ஒன்று, எல்லோரையும் விட என்னிடம் ஒட்டிக்கொண்டது. அதை மடியில் போட்டு முதல் கரண்டியை வாயில் விட்டேன்.

அந்தப் பிள்ளை போட்ட சத்தம் இன்றைக்கும் எனக்குக் கேட்கும்.

உதடும் நாக்கும் வெந்து சிவந்துவிட்டன. என் விரலில் பால் பட்ட இடத்திலும் கொப்புளம் எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முலைகொடுக்க அந்நேரம் மலையிலிருந்து இறங்கி வந்த தாய் வாசலிலேயே கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"சூடு பாக்கலியாக்கா? பச்சப்புள்ளைக்கு சூடு பாத்துக் குடுக்கத் தெரியாதா?"

"பாத்தேன் தங்கச்சி. ரெண்டு தரம் பாத்தேன்."

"பாத்தீங்களா? பாத்துட்டா இப்பிடி ஊத்துனீங்க?"

உண்மையைத்தான் சொன்னேன். அந்த உண்மையை யார் நம்புவார்கள்?

மருந்தய்யா வந்து பிள்ளைக்கு மருந்து தடவி, பயமில்லை, ஆறிவிடும் என்று தாயைத் தேற்றினார். அப்புறம் என் கொப்புளத்தைப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து நாடி தேடினார். இடது கையில் தேடினார், வலது கையில் தேடினார். அவர் முகம் மாறிவிட்டது.

"ஒரு நாளைக்கு எத்தன போடுற?"

"ரெண்டுதாங்க."

"புள்ள, நாடி கெடைக்கல எனக்கு. இப்பிடியே போனா வெரல வெட்ட வேண்டி வரும். எத்தன?"

பதினொரு பிள்ளைகளும் ஒன்றாக அழுதுகொண்டிருந்தன. "அஞ்சு" என்றேன். "சில நாள் ஆறு."

டவுன் ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தேன். அந்த மாத்திரை இரத்தக் குழாய்களைச் சுருக்கித்தான் வலியை அடக்குகிறதாம். அளவு மீறினால் கை கால்களுக்குப் போகிற குழாய்களையும் சுருக்கிவிடுமாம். இனி ஆயுசுக்கும் அதைத் தொடக்கூடாது என்றார்கள். நிறுத்திய மறுநாள் வந்த வலியைப் போல் முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. நான்கு நாள் அது இறங்கவே இல்லை. பார்க்க வந்த வீட்டுக்காரரின் காலைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வாங்க, ஒங்களக் கும்பிடுறேன்" என்று கெஞ்சினேன். அவர் சுவரைப் பார்த்து நின்றார். தோள் குலுங்கியது. வாங்கி வரவில்லை. ஐந்தாம் நாள் வலி கொஞ்சம் தளர, விரல்களில் ஆயிரம் ஊசி குத்தத் தொடங்கியது. உயிர் திரும்பி வருகிறது என்றார் நர்ஸ்.

பிள்ளைக் காம்பராவில் எனக்கு மறுபடி இடமில்லை. நானும் கேட்கவில்லை. புல்லுவெட்டப் போட்டார்கள். வலி ஒழிந்துவிடவில்லை, வாரம் ஒருதரம் வந்தது. வேறு சாதாரண மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை மருந்தய்யா தன் அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டார். வலி வந்தால் நான் போய்க் கேட்க வேண்டும். அவர் நாளைக் குறித்துக்கொண்டு இரண்டு கொடுப்பார்.

ஆனால் யாருக்கும் தெரியாமல் பழைய மாத்திரை நான்கை நான் வைத்திருந்தேன். கிழிந்த தலையணைக்குள். போடவில்லை. இருக்கிறது என்ற தைரியத்துக்காக வைத்திருந்தேன். தினமும் தலையணையை அமுக்கிப் பார்ப்பேன்.

ஒரு வருஷத்துக்கும் மேல் என்னோடு பேசாதிருந்த அந்தத் தாய் ஒரு மத்தியானம் என் லயத்துக் காம்பரா வாசலில் வந்து நின்றாள். வயிற்றில் அடுத்த பிள்ளை, எட்டு மாதம். முகம் ஊதியிருந்தது. பாதங்கள் செருப்புக்குள் அடங்கவில்லை.

"மண்ட வெடிக்குதுக்கா. கண்ணு மங்கலா தெரியுது. ஒங்க அந்த மாத்திர ஒண்ணு இருந்தாக் குடுங்க."

என்னிடம் வந்து கேட்கிறாள் என்றால் எத்தனை வலித்திருக்க வேண்டும்! என் கை தலையணைப் பக்கம் போனது உண்மை. கர்ப்பிணி அதைப் போட்டால் பிள்ளையே தங்காது என்று ஆஸ்பத்திரியில் நர்ஸ் பக்கத்துக் கட்டிலுக்காரிக்குச் சொன்னது நல்லவேளை ஞாபகம் வந்தது.

"வேணாம் தங்கச்சி. அது எனக்கு எழுதினது. ஒனக்கு ஆவாது. வா, ஐயாகிட்ட போவோம்."

"எம்புள்ள வாயச் சுட்டீங்க. ஒரு மாத்திரைக்குக் கூட மனசு வரலியா?"

தலையணையைக் கிழித்து நான்கையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன், அவள் கையைப் பிடித்தேன். உதறினாள். திரும்பப் பிடித்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மருந்தய்யா இரத்த அழுத்தம் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். "பிரஷர் எகிறிக் கெடக்கு. லொறிய எடுக்கச் சொல்லு, ஒடனே!" என்று ஆளை விரட்டினார். நான் முடிச்சை அவிழ்த்து மாத்திரைகளை அவர் மேசைமேல் வைத்தேன். என்னை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தார். அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டபடியே அவளோடு லொறியில் ஏறினார்.

சாயந்திரம் ஐந்து மணிக்கு என் இடது கண்ணோரம் வெளிச்சம் நெளிந்தது. சாவி டவுனில் இருந்தது. தலையணைக்குள் பஞ்சு மட்டும். வீட்டுக்காரர் கோணிச்சாக்கை ஜன்னலில் தொங்கவிட்டு, ஈரத்துணியை என் நெற்றியில் போட்டு, வாந்திக்குச் சட்டியை அருகில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். அவள் பிழைத்தாளா, பிள்ளை பிழைத்ததா என்று அப்போது எனக்குத் தெரியாது. இரண்டு உயிரும் தங்கின என்ற சேதி மறுநாள்தான் வந்தது. அந்தச் சாயந்திரம் எனக்கு வலிதான் இருந்தது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன்.