சொந்தக் கொழுப்பு

குற்றாலத்தில் சீசன். பாவூர்சத்திரம் பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. பெண்கள் இருக்கையில், தலையில் ஈரத்துண்டோடு ஒருவன் காலை விரித்து உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் நிறைமாதப் பெண் ஒருத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள்.

தென்காசியில் காய்கறிக்கார அம்மா ஒருவர் ஏறினார். இடுப்பில் காலிக் கூடை, கழுத்தில் தையல் தழும்பு. பார்த்த மாத்திரத்தில், ஒரு விரலால் தொண்டையின் இடப்பக்கத்தை அழுத்திக்கொண்டு, "ஏலே, எந்திச்சு அந்தப் பிள்ளைக்கு எடம் குடு" என்றார். கரகரத்த குரல்தான். ஆனாலும் கடைசி சீட் வரை கேட்டது.

"பொம்பளைக்கு இம்புட்டுக் கொழுப்பு ஆகாது" என்றான் அவன்.

"கொழுப்புதாம்லே. கழுத்துல ஆபரேசன் பண்ணதுல ஒருபக்கத்துக் கொரல் நரம்பு அசையாமப் போச்சு. அப்பல்லாம் இந்தா, இப்படி அமுக்குனாத்தான் கொஞ்சம் சத்தம் வந்துச்சு, இல்லன்னா வெறும் காத்து. மொதல்ல ஜெல்லு ஊசி போட்டாவ, அது கரைஞ்சிட்டு. பொறவு என் வயித்துக் கொழுப்பையே எடுத்து ஊசியில தொண்டைக்கு ஏத்திட்டாவ. இது சொந்தக் கொழுப்பு, லேசுல கரையாது. எந்திலே!"

பஸ்ஸே சிரித்தது. அவன் எழுந்துவிட்டான். பழக்கத்தில் வைத்திருந்த, இப்போது தேவைப்படாத அந்த விரலை அவர் தொண்டையிலிருந்து மெதுவாக எடுத்தார்.

குற்றாலத்திலிருந்தே நான் அந்தப் பெண்ணின் பக்கத்தில்தான் நின்றுகொண்டு வந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். வாய் திறக்கவில்லை.

என் தொண்டையில் ஒரு கோளாறும் கிடையாது.