ஈஸ்டர் வரைக்கும்

குளிர்காலம் முடிகிற வாரங்களில், வளைகுடாவில் நாங்கள் குடியிருக்கும் அல் குசைஸில் விடிகாலைப் பனிமூட்டம் எங்கள் நாலாவது மாடி வரைக்கும் ஏறிவிடும். எதிர்க் கட்டிடம் இருக்காது, சாலை இருக்காது. விமானங்களின் சத்தம் மட்டும் தலைக்கு மேல் எங்கோ போகும். ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடித்து வந்து பால்கனியில் டீயோடு நின்றால், நான் இந்த ஊரிலும் இல்லை, எந்த ஊரிலும் இல்லை என்று தோன்றும். எனக்கு அது பிடிக்கும்.

அந்த வருடம் அந்தப் பனிக்குள் என் வீட்டுக்காரரும் வந்து நின்றார். விமான நிலையத்தில் டெக்னீசியன். அந்த நேரத்துக்கு ஏதாவதொரு விமானத்தின் அடியில் படுத்திருக்க வேண்டியவர். அவருடைய செக்யூரிட்டி பாஸைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைத்திருந்தார்கள். பாஸ் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. கேட்டைத் தாண்டாதவருக்கு வேலை இல்லை, வேலை போனால் விசாவும் போய்விடும்.

எல்லாம் முந்தைய வருடத்து ஒரு வெள்ளிக்கிழமையின் புண்ணியம். எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஷார்ஜா எல்லை; அங்கே மதுவுக்குத் தடை. இந்தப் பக்கம் குடித்துவிட்டு வீட்டோடு கிடந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். அந்தப் பக்கம் வாடை வந்தாலே வம்பு. அது நன்றாகத் தெரிந்த இந்த மனுஷன், கூட்டாளி ரூமில் குடித்துவிட்டு, மீன் வாங்கப் போகிறேன் என்று அந்தப் பக்கம் ஆடிக்கொண்டே நடந்திருக்கிறார். போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. அபராதம் கட்டி வெளியே கொண்டுவந்தோம். கலாஸ், முடிந்தது என்று நினைத்தோம்.

பாஸ் விசாரணைக்கு அழைத்தபோது தபசு காலம். எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் சாம்பல் புதனன்று பாட்டிலை மூடிவிடுவான். நாற்பது நாள் தொடமாட்டான். ஈஸ்டர் மதியம் ஆட்டுக்கறியோடு உரிமையாகத் திறப்பான். இவரும் அப்படித்தான் விட்டிருந்தார்.

"குடியா, மாஃபி, இல்லவே இல்லைன்னு சாதிச்சிரும்" என்று கூட்டாளி சொல்லிக்கொடுத்தான். நான் உண்மையைச் சொல்லச் சொன்னேன். கேஸ் அவர்கள் கையில் இருக்கும்போது பொய் எதற்கு?

வெளியே நாற்காலியில் பாதித் தூக்கத்தில் காத்திருந்தேன். தெளிந்த முகத்தோடு வந்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்ட்டி. இப்பமும் குடிக்கியான்னாரு. விட்டுட்டேன் சார்ன்னேன். எப்பலருந்துன்னாரு. தபசு காலம் தொடங்குனதுலருந்துன்னேன். அது எப்ப முடியும்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"ஈஸ்டருக்குன்னேன்."

சிரிப்பு வந்தது. மண்டையில் ஒன்று போடவேண்டும் போலவும் இருந்தது. அந்த அதிகாரி நோன்பு தெரிந்தவர் அல்லவா, கோபப்படவில்லையாம். அப்படியானால் ஈஸ்டர் முடிந்து வா என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ஈஸ்டர் மதியம் கூட்டாளி வந்தான், பாட்டிலும் வந்தது. ஒரு கிளாஸை ஊற்றி இவர் பக்கம் தள்ளினான். நான் கறிச் சட்டியைப் பிடித்தபடி நின்றேன். ஜன்னல் வெயில் கிளாஸுக்குள் இறங்கித் தேன் நிறமாக ஆடியது; சண்டாளப் பொருள், அழகாகத்தான் இருந்தது. இவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம்லே. ஆபீசருக்குப் பதில் சொல்லணும்" என்றார்.

சந்தோஷப்பட வேண்டிய இடம். நானோ கறிச் சட்டியை ணங்கென்று மேசையில் வைத்தேன். இத்தனை வருடம் நான் அழுத அழுகைக்கு இறங்காத மனுஷன், யாரோ ஒரு ஆபீசருக்கு இறங்கினாரே.

அடுத்த வாரமே பாஸ் கிடைத்தது. கார் நிறுத்துமிடத்தின் வெள்ளை வெயிலில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"இனி எதுவரைக்கும்னு கேட்டாரா?"

"கேக்கலட்டி."

"நான் கேக்கேன்."

கார்க் கதவில் கை வைத்தபடி நின்றார். பிறகு, "நீ கேக்காதட்டி. சொன்னா காப்பாத்தணும்லா, எனக்குப் பயமா இருக்கு" என்றார்.

பயம் என்ற சொல்லை அந்த வாயிலிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. அவர் குடியை விட்டுவிடுவார் என்று அப்போதுதான் நம்பினேன்.