மாமியாரின் மூக்கு

என் மாமியார் குள்ளம், என் வீட்டுக்காரர் நல்ல உயரம். சனிக்கிழமை சாயங்காலம் மலையிலிருந்து வந்து அவர் செருப்பைக் கழற்றியதும், மாமியார் வாசற்படி மேல் ஏறி நின்றுகொண்டு மகனுடைய இரண்டு காதையும் பிடித்துத் தலையைக் கீழே இழுப்பார். "ஊது" என்பார். அவர் ஊதுவார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு காதை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "ஒண்ணியும் இல்ல, சோத்தப் போடு" என்பார். நான் பின்னால் நின்று வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன். அந்த மார்கழியும் தையும் என் மூக்கு எனக்கு உதவாமல் போன மாதங்கள்.

நாங்கள் இருப்பது கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்துக்குப் பக்கத்துத் தெரு. அந்த வருஷம் விஷச் சாராயம் எங்கள் ஜனங்களை எப்படி வாரிக்கொண்டு போனது என்று நான் எழுத வேண்டியதில்லை, ஊர் உலகத்துக்கே தெரியும். என் வீட்டுக்காரர் கொத்தனார். அவரோடு கலவை போட்டுக்கொண்டிருந்த ஒருவரும் அதில் போய்விட்டார். இவர் அன்றைக்கு எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு வேலைக்குப் போய், பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே தங்கிவிட்டார். பிழைத்ததற்கு அது ஒன்றுதான் காரணம், வேறு புண்ணியம் எதுவும் கிடையாது. துக்க வீட்டிலிருந்து திரும்பி வந்தவர், இனித் தொடவே மாட்டேன் என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார். அவருடைய சத்தியங்கள் எனக்குப் பழக்கம். "சத்தியம்லாம் வேணாம். தெனமும் என் மூக்குக்கு நேரா ஊதிட்டு உள்ள போ" என்றேன். ஒப்புக்கொண்டார். அப்போது என் மூக்கு நல்ல மூக்கு. கொய்யா இலையை மென்றுவிட்டு வந்தாலும், பாக்கைப் போட்டுக்கொண்டு வந்தாலும், அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடும். அதை நம்பித்தான் எங்கள் குடும்பம் நடந்தது.

அந்த மூக்குக்குத்தான் கேடு வந்தது. அரிசி ஆலையில் எடை போட்டுச் சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. நாள் முழுக்கத் தவிட்டுத் தூசு. முதலில் சாதாரண ஜலதோஷம் என்றுதான் இருந்தேன். பிறகு கன்னத்து எலும்புக்குள் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துவது போல் ஒரு வலி உட்கார்ந்துகொண்டது. குனிந்து வாசல் கூட்டினால் தலைக்குள் இருக்கிற கனம் எல்லாம் நெற்றிக்கு வந்து நிற்கும். மேல் கடைவாய்ப் பற்கள் வலித்தன. சொத்தையோ என்று பயந்து பல் டாக்டரிடம் போனால், பல்லில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். மூக்குச் சளி முன்னால் வந்தாலாவது சிந்திப் போடலாம். அது பின்வழியாகத் தொண்டையில் இறங்கிக்கொண்டே இருந்தது. நாலு வார்த்தை பேசுவதற்குள் எட்டுத் தடவை கனைக்க வேண்டும். ஆலையில் லாரிக்காரர்கள் நான் திட்டுகிறேனா கனைக்கிறேனா என்று புரியாமல் நின்றார்கள். இரவில் வலது பக்கம் படுத்தால் வலது மூக்கு அடைக்கும், இடது பக்கம் திரும்பினால் அடைப்பும் கூடவே திரும்பி வரும். சைனஸில் கிருமி சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மாத்திரை கொடுத்தார், ஆவி பிடிக்கச் சொன்னார், உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவச் சொன்னார்.

மூக்கு கழுவுவதை மாமியார் பார்த்த அன்று வீடு இரண்டு பட்டது. ஒரு மூக்கில் விட்ட தண்ணீர் இன்னொரு மூக்கில் வருவதை அவரால் தாங்க முடியவில்லை. "தலையில தண்ணி கோத்துக்கினுதான் இந்தப் பாடு. அதுல இன்னும் தண்ணிய ஊத்துறாளே" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எல்லாவற்றுக்கும் காரணம் நான் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போவதுதானாம். நெற்றியில் சுக்குப் பத்துப் போட்டார். அது காய்ந்து இழுத்து, இருந்த வலியோடு எரிச்சலும் சேர்ந்தது. தயிர் கூடாது, மோர் கூடாது, வாழைப்பழம் கூடாது, ஃபேன் கூடாது. தெருவில் போகிற வருகிறவர்களும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எல்லாருக்கும் தலை இருந்தது, என் தலை மட்டும் எல்லாருக்கும் பொதுவாகப் போனது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வாசனை போனதுதான் தாளவில்லை. ஒருநாள் ரசம் கொதிக்கும்போது பெருங்காயம் போட்டேனா இல்லையா என்று தெரியவில்லை. தைல பாட்டிலைத் திறந்து மூக்கில் வைத்தேன், கண் எரிந்தது, வாசனை வரவில்லை. எனக்கு முதலில் வந்த நினைப்பு, இனி இவரை எப்படிப் பிடிப்பது என்பதுதான். போதாக்குறைக்கு அந்தச் சமயம் பார்த்து அவருக்குக் கல்வராயன் மலையில் வேலை கிடைத்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் வீடு கட்டுகிற வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கல், சனிக்கிழமைதான் கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து வருவார். மலை என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது ஓடைப் பக்கத்தில் காய்ச்சுகிற சாராயம். மலைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அங்கே பாவம் மரவள்ளி போட்டுப் பிழைக்கிறவர்கள்தான் அதிகம், குடித்துக் கெட்டவர்கள் எல்லாம் கீழே இருக்கிற நாங்கள். ஆனாலும் இவரை மலைக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. அப்போதுதான் மாமியார், "நான் கீறேன் இல்ல, நான் பார்த்துக்கிறேன்" என்று வாசற்படியில் ஏறினார்.

அவரை நான் நம்பவில்லை. எந்தத் தாய் தன் மகனைக் காட்டிக்கொடுப்பாள்? அவர் "ஒண்ணியும் இல்ல" என்று சொல்லும்போதெல்லாம் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், பிறகு இவர் கண்ணைப் பார்ப்பேன், நடையைப் பார்ப்பேன். ஒன்றும் பிடிபடாது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சோறு போடுவேன்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, எதிர்வீட்டுப் பெண் தயிருக்கு உறை மோர் கேட்டு வந்தாள். நடைக்குள் கால் வைத்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். "இன்னாக்கா வூடு இது? எலி செத்து எத்தினி நாளாச்சோ, கொடலப் புடுங்குது" என்றாள். எனக்குத் தெரியாததில் ஆச்சரியமில்லை. தேடிப் பார்த்தால், மாமியார் தினமும் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் எலி உப்பிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரி போன பிறகு மாமியார் முன்னால் போய் நின்றேன். "அத்த, உங்களுக்கு வாசன தெரியாதா?" என்று கேட்டேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தார்.

"உன் மாமனாரு குடிச்சிட்டு வந்து பக்கத்துல படுப்பாரு. எத்தினி வருசம் அத மோந்துகினு கெடக்கறது? ஒரு தடவ சளி புடிச்சி நெஞ்சு மூக்கு எல்லாம் அடைச்சிக்கிச்சி. சளி போச்சி, வாசன திரும்பி வரல. வரலன்னா நல்லதுன்னு வுட்டுட்டேன்" என்றார். அப்படியானால் வாரா வாரம் என் புருஷன் காதைப் பிடித்துக்கொண்டு என்ன கூத்து நடத்தினீர்கள் என்று கத்தினேன். கத்தும்போதே கனைப்பும் வந்து தொலைத்தது. அவர் அசரவில்லை. "குடிச்சவன் கிட்ட வர மாட்டான்டி. அவங்கப்பன் குடிச்ச அன்னிக்கு வாசல்லயே பத்தடி தள்ளித்தான் நிப்பாரு. இவன் வந்து மூஞ்சியக் காட்டறான் இல்ல, அப்போ குடிக்கல. அவ்ளோதான் கணக்கு. நீ போய் அவங்கிட்ட ஒளறிடாத, எனக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சா அப்பறம் பயம் வுட்டுப்பூடும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. செத்த எலி தெரியாத இரண்டு பேர் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு சாராயத்துக்குக் காவல் காத்திருக்கிறோம். ஆனாலும் யோசிக்க யோசிக்க அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. நானும் வாயை மூடிக்கொண்டேன். மாசியில் டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார், மூக்கு மெல்லத் திறந்தது, வாசற்படி வேலை மறுபடி என் கைக்கு வந்தது. மாமியார் போன ஐப்பசியில் காய்ச்சலில் தவறிவிட்டார். கடைசி வரைக்கும் அவர் இரகசியத்தை நான் காப்பாற்றினேன்.

இந்த மார்கழியில் மூக்கு மறுபடி அடைத்துக்கொண்டது. அதே கன்னத்து வலி, அதே கனைப்பு, இம்முறை வலது காதும் சேர்ந்து குப்பென்று அடைத்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர்தான் நொச்சித் தழை ஒடித்து வந்து, குண்டானில் போட்டுக் கொதிக்க வைத்து, என் முன்னால் இறக்கினார். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு குனிந்தேன். குனிந்ததும் நெற்றி விண்ணென்று தெறித்தது. அந்த எரிச்சலில், யார் மேல் காட்டுவது என்று தெரியாமல், போர்வைக்குள்ளிருந்தே ஆரம்பித்தேன். "உங்கம்மா மூக்க நம்பி ரெண்டு மாசம் ஓட்டுனேன். அதுக்கு வாசனையே தெரியாது, உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார்.

"எப்போத்துலேருந்து?"

"சின்னப் புள்ளையிலேருந்து. சோறு அடிபுடிச்சா நானும் தங்கச்சியும்தான் ஓடிப்போய் சொல்லுவோம்."

என் முகத்திலிருந்து வேர்வை குண்டானில் சொட்டியது. போர்வையை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அப்புறம் எதற்கு வாரா வாரம் வந்து நின்றாய் என்று கேட்டேன். அந்த வருஷப் பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை குடித்துவிட்டுத்தான் வந்தேன் என்றார். கான்கிரீட் காய்ந்து சென்ட்ரிங் பலகை பிரித்த அன்று யாரோ கொண்டுவந்து கொடுத்தார்களாம். "காதப் புடிச்சி ஊதச் சொல்லிச்சி. ஊதுனேன். ஒண்ணியும் இல்லன்னிச்சி. நீ சோறு போட்ட."

போட்டேன். அன்றைக்கு முட்டைக் குழம்பு வைத்து, இரண்டு முட்டை அதிகமாகவே போட்டேன். எந்த ஓடையில் எதைக் கலந்து காய்ச்சியதோ, அதை வயிற்றில் வைத்துக்கொண்டு இந்த மனுஷன் என் எதிரில் உட்கார்ந்து பிசைந்து தின்றிருக்கிறார். நான் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துத் தூங்கியிருக்கிறேன். கருணாபுரத்துக்காரர்களைப் போலக் காலையில் கண் தெரியவில்லை என்று எழுந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? குடித்தவன் கிட்ட வர மாட்டான் என்ற மாமியாரின் கணக்கும் அன்றைக்கே பொய்த்துப் போயிருக்கிறது. அது தெரியாமல் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

"குடிச்சிட்டு எந்தத் தைரியத்துல கிட்ட வந்து நின்ன?" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"தைரியம்லாம் இல்ல. அம்மாவுக்குத் தெரியாதுன்னு தெரியும். நீ பின்னால நின்னுகினு இருந்த இல்ல, உனுக்கு அன்னிக்காவது மூக்கு தொறந்து என்னப் புடிச்சிடுவன்னு பார்த்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு தொடவில்லை என்கிறார். நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை, இன்றைய தேதிக்கு அதைக் கண்டுபிடிக்க என்னிடம் எதுவும் இல்லை. போர்வைக்குள் மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். நொச்சி வாசனை வரவில்லை. தண்ணீர் ஆறிவிட்டிருந்தது.

"இன்னொரு குண்டான் வை. நல்லாக் கொதிக்கட்டும்" என்றேன்.